கொய்யா ஜாமில் பத்தே நாளில் பூசணம் ஏன்?

கேள்வி: வீட்டு மரத்துக் கொய்யாவில் முதல்முறையாக ஜாம் செய்தேன். இனிப்பு மிகாமல் இருக்க, ஒரு கிலோ விழுதுக்கு 300 கிராம் சர்க்கரைதான் போட்டேன். சரியாகக் கெட்டிப்படவில்லை. அலமாரியில் வைத்த பாட்டிலில் பத்தாம் நாளே பூசணம் பூத்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: சர்க்கரையில்தான். ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, ஜாமுக்குச் சர்க்கரை அப்படி. பழத்தில் உள்ள நீரை அது பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சை வளர ஈரம் கிடைப்பதில்லை. இறக்கும்போது ஜாமின் எடையில் 65 முதல் 68 சதவீதம் கரைந்த திடப்பொருளாக இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு சர்க்கரை. ஒரு கிலோ விழுதுக்கு 750 கிராம் போடுங்கள். இனிப்புக் குறைவாகத்தான் வேண்டும் என்றால், கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். அதை அலமாரியில் வைக்கவே கூடாது.

அடுத்தது பழம். ஜாமைக் கெட்டியாக்குவது பெக்டின். கொய்யாவில் அது தாராளம் என்றாலும், கனிந்து குழையக் குழையக் குறைந்துகொண்டே போகும். அதனால் செங்காய்களையும் கலந்துகொள்ளுங்கள். துண்டுகள் மூழ்கும் அளவு நீரில் வேகவைத்து, மசித்து, விதை நீங்கச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். பெக்டின் இறுகப் புளிப்பும் வேண்டும். பழுத்த கொய்யாவில் அது போதாது. இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றை, இறக்குவதற்குச் சற்று முன் சேர்க்கவும்.

பதம் பார்ப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சரித்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. கரண்டி விளிம்பில் இரண்டு துளிகள் ஒன்றுகூடி, தகடுபோல அகலமாக விழுந்தால் ஆகிவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் சமவெளியில் 105 டிகிரி செல்சியஸ். ஊட்டி, கொடைக்கானலில் தண்ணீரே குறைந்த வெப்பத்தில் கொதித்துவிடும். அங்கே கொதிநிலைக்கு மேல் 5 டிகிரி என்று கணக்கு வையுங்கள். என்னைக் கேட்டால் தராசையே நம்புவேன். காலிப் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு, ஜாம் மட்டும் 1.25 முதல் 1.3 கிலோவுக்கு வற்றியதும் அடுப்பை அணைக்கலாம். சூட்டில் தளர்வாகத்தான் தெரியும், ஆறினால் இறுகும். அதற்குப் பயந்து மேலும் கிளறினால் பிசின்போல ஆகிவிடும்.

கண்ணாடி பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தெடுத்து, ஈரம் வடியவிடுங்கள். பாட்டில் சூடாக இருக்கும்போதே ஜாமையும் சுடச்சுட ஊற்ற வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். கீழே மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து உடனே மூடுங்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு மூடினால், ஆவி மூடியில் நீராகி ஜாமின் மேல் சொட்டும். அந்த இடத்தில் சர்க்கரை நீர்த்துப்போவதால் பூசணம் அங்கேதான் முதலில் தொடங்கும். ஈரக் கரண்டியும் அதே கெடுதலைச் செய்யும். திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

பூசணம் பூத்த அந்த ஜாமை மேலாக வழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்; முழுவதையும் கொட்டிவிடுங்கள். பாட்டிலைக் கழுவிக் கொதிக்கவைத்து அடுத்த ஈட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். மூடி துருப்பிடித்திருந்தால் புதிது வாங்குங்கள்.