ஈட்டியைக் கூப்பிடும் கேடயம்

கேள்வி: டிரோபிரியாண்ட் தீவுகளில் வண்ணம் பூசிய மரக் கேடயத்தை நோக்கித்தான் ஈட்டிகள் அதிகம் பறந்து வரும் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எதற்குப் பூசினார்கள்? பேசாமல் வெறும் பலகையாக விட்டிருக்கலாமே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விட்டவர்களும் உண்டு அம்மா. பெரும்பாலோர் கையில் இருந்தது வெறும் பலகைதான். துணிச்சல்காரன் என்று பெயர் எடுத்தவன் மட்டுமே வண்ணக் கேடயம் தூக்குவான். ‘நான் இங்கே நிற்கிறேன், முடிந்தால் எறி’ என்று எதிரியைச் சீண்டுகிற வேலை அது. அப்படிப்பட்டவனை வீழ்த்தினால் எறிந்தவனுக்கும் பெருமை. அப்புறம் ஈட்டி வராமல் என்ன செய்யும்?

இதை எழுதி வைத்தவர் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர்க் காலத்தில், டிரோபிரியாண்ட் தீவுகளில் பெரியதான கிரிவினாவில் கூடாரம் போட்டுத் தங்கியவர். இன்று அந்தத் தீவு பப்புவா நியூ கினியில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்தபோது சண்டைகள் ஓய்ந்துவிட்டன. ஆகவே பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதியதுதான். 1920-ல் கட்டுரையாக வந்தது.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் அப்படி ஒரு கேடயத்தைப் பார்த்திருக்கிறேன். முக்கால் மீட்டர் உயரம் இருக்கும். நீள்வட்டம், முன்பக்கம் லேசாகப் புடைப்பு. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பிலும் கருப்பிலும் நெளிநெளியாகக் கோடுகள். அந்த வெள்ளை வேறொன்றுமில்லை, பவளப் பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. பாக்கோடு அவர்கள் போட்டுக்கொள்வதும் அதேதான். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே அலங்காரம் எதுவும் இல்லை, பிரம்பில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

சரி, அந்த நெளிகோடுகள் என்ன உருவம்? அதில்தான் பெரிய தகராறு. எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954-ல், இது பறக்கும் சூனியக்காரி என்றார். அந்தத் தீவு மக்களுக்குச் சூனியக்காரி என்றால் குலைநடுங்கும். படகு கவிழ்ந்து தத்தளிப்பவர்களைப் பிடித்துக்கொள்வாள் என்று நம்பினார்கள். எதிரியை மிரட்ட அவளைவிடப் பொருத்தமான ஆள் ஏது? இன்னொரு மானிடவியலாளரான ரொனால்ட் பெர்ன்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் படம் அது என்று 1958-ல் பதில் எழுதினார். என்னைக் கேட்டால் லீச் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனாலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றும், மேலே இருந்த இரண்டு வட்டங்கள் கண்ணா மார்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் தேடினேன், ஈட்டி பட்ட தழும்பு. ஒன்றுகூட இல்லை. அதைத் தூக்கியவன் மகா அதிர்ஷ்டசாலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சண்டையெல்லாம் முடிந்தபிறகு, கப்பலில் வந்த எவருக்கோ விற்பதற்காகச் செதுக்கியதாக இருக்க வேண்டும்.