டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அலுமினிய பம்ப் கவர்களை வார்ப்பாக வாங்கி மெஷினிங் செய்கிறோம். வரும்போது பளிச்சென்று இருக்கிறது. ஃபேசிங் (மேல்முகத்தைச் சமமாகக் கடைவது) செய்ததும் துளைகள் தெரிகின்றன. தண்ணீரில் அமுக்கிக் காற்றழுத்தம் கொடுத்தால் குமிழி கிளம்புகிறது. 'இன்காட் (உருக்க வாங்கும் உலோகக் கட்டி) சரியில்லை' என்கிறார் வார்ப்புக்காரர். (ஓசூர்)

ப: இன்காட்டைத் திட்டுவதற்கு முன் ஒரு பீஸைத் துளை உள்ள இடத்தில் அறுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளை உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக மின்னினால் அது சிக்கிய காற்று அல்லது வாயு. ஒழுங்கற்று, சொரசொரப்பாகக் கறுத்திருந்தால் உலோகம் இறுகும்போது சுருங்கி விட்ட இடம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காற்று என்றால் முதலில் ஸ்லீவை, அதாவது உலோகத்தை ஊற்றும் குழாயைப் பாருங்கள். ஊற்றும் உலோகம் ஸ்லீவில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்புகிறது என்றால், மீதி முழுக்கக் காற்று. உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் பிளஞ்சரின் முதல் கட்ட வேகம் அதிகமானால் உலோகம் அலையாகச் சுருண்டு அந்தக் காற்றை வாரிக்கொண்டு போகும். மிகக் குறைத்தாலும் அலை முன்னே ஓடித் திரும்பிவந்து காற்றை அடைக்கும். அடுத்தது ஏர் வென்ட், அச்சிலிருந்து காற்று வெளியேறும் வழி. ஆழமே 0.1 மி.மீ. சொச்சம்தான், அச்சில் தெளிக்கும் ஸ்பிரேயின் கசடும் அச்சு இடுக்கில் பிதுங்கும் மெல்லிய ஃப்ளாஷும் அதை ஒரே ஷிஃப்டில் அடைத்துவிடும். இன்காட் சப்ளையரை மாற்றிப் பார்க்கிற பலர் வென்ட்டைத் துடைத்துப் பார்ப்பதில்லை. அச்சில் ஸ்பிரே தண்ணீர் ஈரமாக நின்றாலும், பிளஞ்சர் எண்ணெய் கூடினாலும் இதே துளைதான் வரும்.

சுருக்கம் என்றால் தடித்த இடம்தான் காரணம், பெரும்பாலும் போல்ட் போடும் பாஸ் என்ற மேடு. சுற்றிலும் 3 மி.மீ. சுவர் இறுகிய பிறகும் பாஸின் நடு திரவமாகவே இருக்கும். அதற்கு உலோகம் ஊட்ட வழியிருக்காது. பாஸுக்குள் கோர் பின் (துளை விழ வைக்கும் கம்பி) வைத்துத் தடிமனைக் குறைக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் (ஸ்லீவின் முனையில் மிஞ்சி இறுகும் வட்டு) தடிமனையும் கேளுங்கள்: மெலிந்த பிஸ்கட் முதலில் இறுகிவிட்டால், கடைசியில் கொடுக்கும் அழுத்தம் பாகம் வரை போய்ச் சேராது.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. டை காஸ்டிங்கில் அச்சை ஒட்டிய மேல்தோல்தான் இறுக்கமானது. அதன் தடிமன் சுமார் அரை மி.மீ.தான். மெஷினிங் அலவன்ஸ் (கடைவதற்கு விடும் கூடுதல் தடிமன்) 1.5 மி.மீ. வைத்துக் கடைந்தால் அந்தத் தோல் போய், உள்ளிருக்கும் துளை வெளியே வரத்தான் செய்யும். அலவன்ஸை 0.5 மி.மீ.க்குள் குறையுங்கள். அதற்குப் பிறகும் நுண்கசிவு இருந்தால் வேக்குவம் இம்ப்ரெக்னேஷன் (வெற்றிடத்தில் நுண்துளைகளுக்குள் ரெசினை ஏற்றி அடைப்பது) செய்யலாம்; மெஷினிங்குக்குப் பின், பெயின்ட்டுக்கு முன். கண்ணுக்குத் தெரியும் பெரிய துளையை அது அடைக்காது.

கே: மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரை வார்க்க, மலிவாகக் கிடைக்கும் ஏடிசி 12 என்ற அலுமினியக் கலவையைப் பயன்படுத்தலாமா? (கோவை)

ப: கூடாது. ரோட்டருக்குள் இருக்கும் பார் என்ற கம்பிகள் மின்சாரம் ஓடும் பாதை. 99.7 சதவீத அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம் அளவு. சிலிக்கானும் செம்பும் கலந்த ஏடிசி 12 அதில் பாதிகூட வராது. ஸ்டார்ட்டிங் டார்க் (கிளம்பும்போதுள்ள திருப்புவிசை) கூடியதைப் பார்த்து 'நன்றாக ஓடுகிறதே' என்று தோன்றும். லோடு ஏறினால் ஸ்லிப் (காந்தப்புலத்தின் வேகத்துக்குப் பின்தங்கும் அளவு) கூடி, வேகம் இறங்கி, ரோட்டர் சூடாகும். மோட்டாரின் எண்ட் ஷீல்டுக்கு (முனை மூடி) ஏடிசி 12 சரி, ரோட்டருக்கு இல்லை.

கே: பூட்டுக் கைப்பிடிக்கு ஜிங்க் நல்லதா, அலுமினியமா? (திண்டுக்கல்)

ப: ஜிங்க். ஜமாக் 3 என்ற ஜிங்க் கலவை சுமார் 385 டிகிரியில் உருகும். தள்ளும் பகுதி உருக்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஹாட் சேம்பர் மெஷினில் மளமளவென்று ஷாட் எடுக்கலாம். அலுமினியம் அந்த மெஷினின் இரும்பையே கரைத்துவிடும், அதனால்தான் உலை தனியாக இருக்கும் கோல்ட் சேம்பரில் கரண்டியால் ஊற்றுகிறோம். ஜிங்கில் சுவர் 1 மி.மீ.க்குக் கீழும் போகும், குரோம் பிளேட்டிங் அழகாக ஏறும், அச்சும் பல மடங்கு உழைக்கும். எடை மட்டும் இரண்டரை மடங்கு. விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் பீஸுக்குப் பாருங்கள். 100 டிகிரியை நெருங்கும் சூட்டில் தொடர்ந்து பாரம் தாங்க வேண்டிய பாகத்துக்கு ஜிங்க் வேண்டாம், மெல்ல வளைந்துவிடும்.

கே: பழைய ஜிங்க் ஸ்கிராப்பை உருக்கி வார்த்த பாகங்கள் சில மாதங்களில் வெடித்து உதிர்கின்றன. ஏன்? (புதுச்சேரி)

ப: ஈயம். ஜமாக்கில் அது 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகரத்துக்கும் காட்மியத்துக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. கூடினால் படிகங்களின் எல்லை வழியே அரிப்பு உள்ளே இறங்கி, பாகம் ஊதி நொறுங்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகம். 1930களில் வந்த டிங்கி பொம்மைக் கார்கள் பல இப்படித்தான் உதிர்ந்தன. ஸ்கிராப்பில் சால்டர் (ஈயம் கலந்த பற்றவைப்பு உலோகம்) ஒட்டிய ஒரு துண்டு போதும், மொத்த உருக்கையும் கெடுக்க. சொந்த ரன்னர், கேட் துண்டுகளை (அச்சுக்குள் உலோகம் பாயும் வழிகளில் இறுகியவை) மட்டும் புது இன்காட்டோடு பாதிக்குப் பாதி வரை கலக்கலாம். பிளேட்டிங் ஆனதைச் சேர்க்காதீர்கள். உருக்கை அதிகம் சூடேற்றினால் அரிப்பைத் தடுக்கும் மக்னீசியம் எரிந்துபோகும். 430 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

கே: எல்ஈடி விளக்கு ஹவுசிங்கை அனோடைஸ் (மின்சாரத்தால் மேல்பரப்பை ஆக்சைடாக்குவது) செய்தால் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் வருகிறது. (சென்னை)

ப: ஏடிசி 12-ல் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம் வரை இருக்கும், அது ஆக்சைடாக மாறாமல் அப்படியே நிற்பதால் வரும் நிறம் அது. பவுடர் கோட்டிங்குக்குப் போங்கள். 180–200 டிகிரி அடுப்பில் கொப்புளம் எழுந்தால் பவுடரில் கோளாறு தேடாதீர்கள்; தோலுக்கடியில் அடைபட்ட காற்று விரிகிறது. ஓசூர் வாசகருக்குச் சொன்ன ஸ்லீவ், வென்ட், ஸ்பிரே மூன்றையும் வார்ப்புக்காரரிடம் கேளுங்கள்.