சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை

கேள்வி: எனக்கு வயது 31. மனச்சிதைவு நோய்க்கு ஆறு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். ஆள் இல்லாமலே காதில் கேட்கும் குரல்கள் குறைந்திருக்கின்றன, முழுதாக நிற்கவில்லை. இரவு மாத்திரை போட்டால் காலை ஒன்பதுக்கு முன் எழுந்திருக்க முடிவதில்லை. முன்பு கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். மாதக் கடைசி நெருக்கடி தாங்காமல் நின்றுவிட்டேன். அப்புறம் மாமா, "உனக்கு லேசான வேலைதான் சரி" என்று இரவுக் காவல் வேலையில் சேர்த்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை, நோய் திரும்பிவிட்டது. இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். இதையே தாங்க முடியாதவன் வேறு என்ன வேலை செய்வேன் அக்கா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மாமா நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் வலைவீசித் தேடினாலும் உங்களுக்கு இவ்வளவு பொருந்தாத வேலை கிடைத்திருக்காது. இரவு முழுக்க விழிப்பு, பேச ஆள் கிடையாது, கைக்கு வேலை கிடையாது. போதாததற்கு, ஒவ்வொரு சத்தத்தையும் சந்தேகப்படுவதே அங்கே கடமை. குரல் கேட்கிற ஒருவரை அப்படியோர் இடத்தில் தனியாக உட்கார வைத்தால் குரல்களுக்குத்தான் கொண்டாட்டம். இன்னொன்று, தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காவல் இருக்க முடியாது. அதனால் பலர் முதலில் மாத்திரையைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு விட்டேவிடுவார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆக, "இதையே தாங்கவில்லை" என்று உங்களை எடைபோடாதீர்கள். வீட்டார் லேசு என்று சொல்வது உடம்புக்கு லேசான வேலையை. நமக்குப் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்கு இருப்பது பைபோலார், அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். ஒரு காலத்தில் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தேன். "ஏசி அறை, நாற்காலி, பேச்சு, அவ்வளவுதானே" என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கோபம் காதுக்குள் இறங்கும். அது அடங்குமுன் அடுத்த அழைப்பு வந்துவிடும், அதே இனிமையான குரலில் பேச வேண்டும். இதோடு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். தூக்கத்தின் நேரம் கலைந்தால் பைபோலாரில் மனநிலை தறிகெட்டுப் போகும். வேலையை விட்டேன். இப்போது மெய்ப்புத் திருத்துகிறேன். பார்க்கிறவர்கள் "கண்ணைக் கெடுக்கிற வேலையாச்சே" என்கிறார்கள். கெடுக்கட்டும். தாள் என்னிடம் கத்தாது. இன்று கோட்டைவிட்ட பிழையை நாளைக் காலை மறுபடி படிக்கும்போது பிடித்துவிடலாம். இந்த நோய்க்காக நான் எடுக்கும் லித்தியம் மாத்திரையால் கை நடுங்கும், ஓரத்தில் குறிகள் போடுவது கோழிக்கிறுக்கலாகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் கணினியிலேயே செய்கிறேன்.

இப்போது உங்கள் கணக்கு வேலைக்கு வருவோம். உங்களை வீழ்த்தியது கணக்கு அல்ல, மாதக் கடைசி. கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் கணக்குத் தெரியவில்லை என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. கற்ற தொழிலை ஏன் தூக்கிப் போட வேண்டும்? அன்றாட வரவு செலவைப் பதிவு செய்வது, பில்களைச் சரிபார்ப்பது போன்றவற்றை அரைநாள் வேலையாகக் கேட்டுப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் தொடங்குவதாக இருக்கட்டும். கூட ஒருவராவது அமைதியாக உட்கார்ந்து வேலை செய்யும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

எந்த வேலையாக இருந்தாலும் சேரும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நான் ஒருநாள் வராவிட்டால் அங்கே என்ன ஆகும்? இதன் அருமையை நியூயார்க்கில் ஃபவுன்டன் ஹவுஸ் நடத்துகிறவர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்ததிலிருந்து வளர்ந்து, 1948இல் உருவான அமைப்பு அது. வெளி நிறுவனங்களில் பகுதிநேர வேலைகளுக்கு ஏற்பாடு செய்து, உறுப்பினர்களை முறைவைத்து அனுப்புவார்கள். ஒருவரால் போக முடியாத நாளில் இன்னோர் உறுப்பினரோ ஊழியரோ போய் அந்த வேலையை முடித்துவிடுவார். முதலாளிக்கும் நஷ்டமில்லை, படுத்துக்கிடப்பவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. நமக்கு அப்படியொரு ஏற்பாடு வாய்க்காமல் போகலாம். ஆனால் ஒருநாள் லீவு எடுத்தால் எல்லாம் இடிந்துவிழுகிற வேலையைத் தவிர்க்கலாமே.

இன்டர்வியூவில் அந்த இரண்டு வருடம் பற்றிக் கேட்பார்கள். "உடல்நிலை சரியில்லை, சிகிச்சை எடுத்தேன், இப்போது வேலை செய்ய முடிகிறது" என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நோயின் பெயரைச் சொல்வதா என்பது வேறு விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 27ஆம் பிரிவில் வேலை பார்க்கும் உரிமையையும் அதற்குத் தேவையான நியாயமான மாற்றங்களையும் சொல்கிறது. நீண்டகால மனநோயும் அதில் அடங்கும். சலுகையை முறைப்படி கேட்க நோயைச் சொல்லியாக வேண்டியிருக்கும். அதுவரை தேவையை மட்டும் சொல்லலாம்: "எனக்குக் காலை நேரம் ஒத்துவராது, மாலை எவ்வளவு நேரமானாலும் முடித்துத் தருகிறேன்." நான் அப்படித்தான் தொடங்கினேன். பெயரைச் சொன்னது பிற்பாடு, ஒரே ஒருவரிடம்.

கேள்வி: என் மகனுக்கும் மனச்சிதைவு. வயது 24. வேலைக்குப் போகிறேன் என்று நச்சரிக்கிறான். முழுதாகக் குணமாகட்டும், அதற்குள் ஏதாவது பயிற்சி வகுப்புக்குப் போகட்டும் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

— ஒரு தாய்

பதில்: உங்கள் மகன் சொல்வது, சகோதரி. முதலில் பயிற்சி, தேறிய பிறகு வேலை என்பது பழைய வழி. வேலை வேண்டும் என்று சொல்கிறவருக்கு அவர் விரும்பும் வேலையையே விரைவில் தேடித்தந்து, சேர்ந்த பிறகும் ஓர் ஆலோசகர் கூடவே துணைநிற்கும் முறை 1990களில் அமெரிக்காவில் வளர்ந்தது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2007இல் முடிவு வந்தது. புதிய முறையில் 55 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது, பழைய முறையில் 28 சதவீதம். ஒருநாள் வேலை பார்த்திருந்தாலும் அதில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வரக்கூடாது. கிடைத்த வேலையில் நிலைப்பதற்குத்தான் அந்தக் கூடவே இருக்கும் துணை. துணைநிற்கும் அந்தப் பொறுப்பில் பாதியை நீங்களே ஏற்கலாம். மீதியை சிகிச்சை தரும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: நானும் உங்களைப் போல பைபோலார்தான். இரண்டு வாரமாக வேலை பிரமாதமாக ஓடுகிறது. கூடுதல் நேரத்தை நானே கேட்டு வாங்குகிறேன். குழுத் தலைவி ஆக்குகிறேன் என்கிறார் மேனேஜர். ஒப்புக்கொள்ளலாமா?

— ஒரு வாசகி

பதில்: இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவே இல்லையே, தங்கச்சி? நாலு மணி நேரம் தூங்கியும் களைப்பே தெரியவில்லை என்றால், மேனேஜருக்குப் பதில் சொல்லும் முன் டாக்டரைப் பாருங்கள், இந்த வாரமே. நம்முடைய இந்த வேகம் மேனேஜர்களுக்கு எப்போதும் பிடிக்கும். நன்றாகத் தூங்கித்தான் இதெல்லாம் நடக்கிறது என்றால் மனமார்ந்த வாழ்த்துகள். அப்போதும் யோசிக்க ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், கூடுதல் நேரத்தை இன்றோடு நிறுத்துங்கள்.