வாங்கலாமா, வேண்டாமா? பெல்லி டான்ஸ் பாவாடைக் கேள்விகள்

போன மாதம் ஒரு வாசகியின் பாவாடைக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொன்னேன். அன்றிலிருந்து அதே பேச்சாகக் கடிதங்கள் வருகின்றன. வழக்கமாக இங்கே வரும் குக்கருக்கும் மிக்சிக்கும் இந்த முறை விடுமுறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் பெல்லி டான்ஸ் கற்கிறேன். அடுத்தது பாவாடையைக் கையில் பிடித்துச் சுழற்றும் பாடம். "நல்ல ஃப்ளேர் (விரிவு) உள்ளதாக வாங்குங்கள்" என்கிறார் டீச்சர். 600 ரூபாயிலிருந்து 4,000 வரை எல்லாவற்றிலும் "ஃபுல் ஃப்ளேர்" என்றே போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (ராமநாதபுரம்)

பதில்: கீழ் விளிம்பின் சுற்றளவைப் பாருங்கள். நிறம், கல் வேலை, விலை எல்லாம் அப்புறம்.

சும்மா சுற்றி நின்றால் அரை வட்டப் பாவாடைகூட அழகாகத்தான் விரியும். ஆனால் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துத் தோள்வரை தூக்கும்போது அந்தத் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சுற்றளவு போதாவிட்டால் முன்பக்கம் முழங்காலுக்கு மேலே ஏறும், இல்லையென்றால் இடுப்பு நாடா ஒரு பக்கமாக இழுபடும். அதைச் சரிசெய்வதிலேயே கவனம் போய்விடும், ஆட்டம் எங்கே நடக்கும்?

இடுப்பெலும்புச் சுற்று 36 அங்குலம், நீளம் 36 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அரை வட்ட வெட்டுக்கு விளிம்பு சுமார் 3.8 மீட்டர். முழு வட்டத்துக்கு, நம் டெய்லர்கள் அம்பர்லா கட் என்கிறார்களே அதற்கு, 6.7 மீட்டர். இரண்டு வட்டங்களைச் சேர்த்துத் தைத்தால் 12.4 மீட்டர். சும்மா சுற்றிப் பழக ஒரு வட்டம் போதும். கையில் எடுத்துச் சுழற்ற இரண்டு வட்டம்தான் என் கட்சி. நடுவில் ஒன்றரை வட்டமும் கிடைக்கிறது, கையில் காசு குறைவென்றால் அது.

உங்கள் டீச்சர் எந்தப் பாணி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1987-ல் தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லி டான்ஸ் குழுவின் வழியில் வந்த பாணி என்றால் அவர்கள் உடுத்துவது வேறு. பருத்தியில் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்து, கடைசி அடுக்கு மட்டும் 25 கஜம் வரும். 22 மீட்டருக்கு மேல்! எடை ஒரு கிலோவைத் தாண்டும். எகிப்திய பாணி கற்கிறவர் அதை வாங்கினால் தூக்கிச் சுமக்கத்தான் வேண்டும்.

விற்பவரிடம் "ஃப்ளேர் நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள். இருக்கும் என்றுதான் சொல்வார். "விளிம்பு எத்தனை மீட்டர்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், தரையில் விரித்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வட்டமென்றால் தோசை மாதிரி தரையோடு படுத்திருக்கும். இரண்டு வட்டம் அப்படிப் படுக்காது, ஓரமெல்லாம் அலை அலையாக எழுந்து நிற்கும். அரை வட்டத்தை விரித்தால் இடுப்புப் பக்கம் கூம்பாகத் தூக்கிக்கொள்ளும். மாடல் பெண் கையில் பிடித்து விரித்த படத்தை நம்பவே நம்பாதீர்கள், பின்னால் எத்தனை ஊக்கு குத்தியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நீளத்தை இடுப்பெலும்பிலிருந்து வெறுங்காலோடு நின்று அளக்க வேண்டும். இந்தப் பாவாடை தொப்புளுக்குக் கீழேதான் உட்காரும். தொப்புளுக்கு மேலே அளந்து நீளம் கொடுத்தால் முதல் சுற்றிலேயே மிதித்துவிடுவீர்கள்.

கேள்வி: என் கல்யாண லெஹங்கா சும்மாதான் கிடக்கிறது. அதையே கட்டி ஆடலாமா? (பாம்பன்)

பதில்: கூடாது. உள்ளே கேன்கேன் என்ற விறைப்பான வலை இருக்கும், அது சுழலாது, கூடாரம் போட்டு நிற்கும். விளிம்பில் ஜரிகையும் கல்லும் இருந்தால் பிடித்த கை கீறும்.

கேள்வி: துபாயிலிருந்து லாத்தா (அக்கா) வாங்கி அனுப்பிய சிஃபான் பாவாடை. பெட்டியில் பார்க்க இறகு மாதிரி இருந்தது. இங்கே கட்டினால் காலோடு ஒட்டிக்கொள்கிறது. துணி மட்டமா? (கீழக்கரை)

பதில்: துணியைக் குறை சொல்லாதீர்கள், லாத்தாவையும்தான். அங்கே ஏசி அறை. இங்கே கடற்கரை ஈரக்காற்றும் வியர்வையும். மெல்லிய பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, தோலோடு போய் ஒட்டும். உள்ளே தளர்வான பருத்திப் பேண்ட் போட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். லெக்கிங்ஸ் போடாதீர்கள், ஒட்டல் கூடும். அடுத்து வாங்கும்போது மெல்லிய மல் பருத்தியோ, கொஞ்சம் கனமுள்ள ஜார்ஜெட்டோ பாருங்கள். விளிம்பில் சிறிது எடை இருந்தால்தான் கையை விட்டதும் துணி தானாகக் கீழே வந்து அமரும்.

இடுப்பில் கொக்கி உள்ளதை வாங்கவே வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். என்னிடம் காசு கோத்த இடுப்புத்துணி ஒன்று இருக்கிறது. சென்னைக் கண்காட்சியில் தங்க நிறமாக ஜொலித்தது. வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான், பச்சை பூத்துவிட்டது. நாடாவே நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் டெய்லரிடம் அம்பர்லா கட் தைத்தேன். ஒரு வாரத்தில் விளிம்பு இரண்டு பக்கம் இறங்கி, கோணலாகிவிட்டது. மறுபடி தைக்கக் கூலி கேட்கிறார். பழைய புடவையில் இதைத் தைக்க முடியுமா என்றும் சொல்லுங்கள். (பரமக்குடி)

பதில்: வட்டமாக வெட்டிய துணியில் சில இடங்களில் இழை சாய்வாக வரும். அந்த இடம் தன் எடையிலேயே இறங்கும். வெட்டி, இடுப்பு மட்டும் தைத்து, இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து சமப்படுத்தித்தான் விளிம்புக்குப் பிகோ அடிக்க வேண்டும். உங்கள் டெய்லர் அவசரப்பட்டிருக்கிறார். கூலி கொடுக்காதீர்கள். "நாளைக்கே வேணும்" என்று அவரை நெருக்கியது நீங்கள் என்றால் கொடுத்துவிடுங்கள்.

புடவை நல்ல யோசனை. மேலே சொன்ன அளவில் ஒரு வட்டத்துக்கு 44 அங்குல அகலத் துணி நாலேகால் மீட்டர் போதும், தையலுக்கும் சேர்த்து நாலரை. ஒரு புடவைக்குள் அடங்கிவிடும், மிச்சத்தில் இடுப்புப் பட்டி. இரண்டு வட்டத்துக்கு எட்டேகால் மீட்டர், அதாவது இரண்டு புடவை. பார்டர் இல்லாததாக எடுங்கள். வட்டமாக வெட்டும்போது பார்டர் விளிம்புக்கு வராது, பக்கத் தையலில் செங்குத்தாகப் போய் நிற்கும். பார்டர் கீழே தெரிய ஆசையென்றால் அடுக்குப் பாவாடையாகத் தையுங்கள். விறைப்பான சில்க் காட்டன் வேண்டாம். புதுப் பருத்தியானால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும்.

கேள்வி: ஒரே கடையில் ஆஃபர் என்று மூன்று பாவாடை எடுத்தேன். மூன்றும் குட்டை. அளவு "ஃப்ரீ சைஸ்" என்றிருந்தது. என்ன செய்யலாம்? (தொண்டி)

பதில்: நீளம் எத்தனை அங்குலம் என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஒன்றை வாங்கிக் கட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்கியிருக்கலாமே. ஆஃபர் என்றால் நமக்கு ஏன் இப்படிக் கண்ணை மறைக்கிறது? சரி, கீழே ஒரு அடுக்கு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், இரண்டு பாவாடையாவது தேறும். மூன்றாவதைத் தங்கைக்குக் கொடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் "டபுள் சர்க்கிள், 12 மீட்டர்" என்று போட்டிருந்ததைப் பார்த்து 2,400 ரூபாய் ஜிபே செய்தேன் அக்கா. வந்தது அரை வட்டம், நான்கு மீட்டர்கூட இல்லை. கேட்டால் "சேல் பொருள் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. (மண்டபம்)

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை தங்கச்சி. கேட்கவேண்டிய அளவைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஏமாற்றியது அவர்கள்.

இந்த "திரும்பப் பெறப்படாது" என்ற வாசகத்தைக் கண்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பில்லின் அடியில், கல்லாவுக்கு மேலே, வாட்ஸ்அப் முகப்பில் என்று எங்கே பார்த்தாலும் இதே வரி. எழுதி ஒட்டிவிட்டால் சட்டமாகிவிடும் என்று கடைக்காரர் நினைக்கிறார். அதைவிடக் கொடுமை, வாங்குகிறவரும் அப்படியே நினைத்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. 2020-ல் வந்த மின்வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. "சேல்" என்று ஒரு சொல்லைப் போட்டு இதிலிருந்து தப்ப முடியாது. ஒன்று மட்டும்: நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்த உரிமை கிடையாது. அது கடைக்காரர் இஷ்டம். அந்த வித்தியாசம் தெரியாமல் சண்டை போடுகிறவர்களால்தான் உங்களைப் போன்றவர்களின் நியாயமும் எடுபடாமல் போகிறது.

இப்போது செய்யவேண்டியது. விளம்பரம், உரையாடல், பணம் போனது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவர்கள் அழிப்பதற்குள். பாவாடையைத் தரையில் விரித்து, விளிம்பில் டேப் வைத்து வீடியோ எடுங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் ஒரு செய்தி, பதிலுக்குக் கெடு தேதியோடு. அசையவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் கணக்கை மூடிவிட்டு ஓடியிருந்தால் அது வேறு கதை, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

பாவாடையைத் துவைக்காதீர்கள், லேபிளைப் பிய்க்காதீர்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆடி மாதம் தனுஷ்கோடியில் பாவாடை ஆட்ட வீடியோ எடுக்க ஆசை. எந்தத் துணி காற்றுக்கு நிற்கும்? (ராமேஸ்வரம்)

பதில்: ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நீங்கள் இரண்டு வட்டம் சிஃபானோடு போகிறீர்களா? பருத்தி அடுக்குப் பாவாடை என்றால் ஓரளவு சமாளிக்கலாம். காற்று அடங்கிய காலை நேரமாகப் பாருங்கள், உள்ளே பேண்ட் கட்டாயம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு தங்கினால் துணி விறைத்துப்போகும், நாடா முடிச்சும் அவிழாது.