எரிச்சல் நின்றுவிட்டால் எண்டோஸ்கோப்பி வேண்டாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எங்கப்பாவுக்கு 56 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். பல வருஷமாக நெஞ்செரிச்சல். ராத்திரி ஷிப்டில் எரிந்தால் ஜெலுசில் குடித்துக்கொள்வார். பீடிப் பழக்கம் உண்டு. எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) பார்க்கச் சொன்னதற்கு, “இப்பத்தான் எரிச்சலே இல்லையே” என்கிறார். இப்போதெல்லாம் களியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறார். எரிச்சல் உள்ள என் சித்தப்பாவும் பார்க்க வேண்டுங்களா?
– ஒரு மகள், பல்லடம்

பதில்: அம்மிணி, கடைசியில் எழுதிய களி விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. களி வழுக்கிக்கொண்டு இறங்குகிற பண்டம். அதுவே நெஞ்சில் நிற்கிறதென்றால் உணவுக்குழாய் குறுகியிருக்கலாம். அமிலம் பட்டுப் புண்ணாகி, ஆறிய தழும்பு இறுகியிருந்தால் பலூன் வைத்து விரித்துவிடலாம். கட்டியென்றால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். எதுவென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அப்பாவை இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிப் போங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

எரிச்சல் அடங்கியதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமிலம் வருஷக்கணக்கில் எதுக்களித்தால், சிலருக்கு உணவுக்குழாயின் அடிப்பக்கத்து உட்தோல் குடலின் தோல்போல மாறிவிடும். அந்தத் தோலில் அமிலம் பட்டாலும் அவ்வளவாக உறைக்காது. 1950-ல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பாரெட் என்ற லண்டன் அறுவை மருத்துவரின் பெயரால் இதை ‘பாரெட் உணவுக்குழாய்’ என்கிறோம். பாரெட் வந்தாலே கேன்சர் என்று அர்த்தமில்லை. செல்களில் கோளாறு இல்லாத பாரெட் கேன்சராக மாறுவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மாறிய பகுதி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 5 வருஷம் கழித்தும், அதற்கு மேல் என்றால் 3 வருஷத்திலும் மறுபடி பார்ப்போம்.

சித்தப்பாவுக்கு வருவோம். எரிச்சல் உள்ள எல்லாரும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பல வருஷ எரிச்சலோடு, 50 வயது தாண்டிய ஆண், தொப்பை, புகை, குடும்பத்தில் ஒருவருக்கு பாரெட் அல்லது உணவுக்குழாய் கேன்சர் என்று இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சுத்தமாக இருந்தால் வருஷா வருஷம் வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தாலும் கணக்கு என்பதால், அப்பாவின் ரிப்போர்ட்டில் என்ன வருகிறது என்பது சித்தப்பாவுக்கும் முக்கியம்.

அப்புறம் அந்தப் பீடி. நம் நாட்டில் உணவுக்குழாய் கேன்சரில் பெரும்பங்கு எதுக்களிப்பால் வருவதல்ல. புகையிலை, பாக்கு, சாராயம் போன்றவற்றால் வருவது. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் ‘அநேகமாகக் கேன்சர் தரக்கூடியவை’ என்ற பட்டியலில் சேர்த்தது. டீயைக் கொஞ்சம் ஆற விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

எண்டோஸ்கோப்பிக்கு, ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு, பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள். சோதனைக்காக உள்ளிருந்து துளி சதை எடுத்தால் (இதுதான் பயாப்ஸி) வலிக்காது. அந்த பயாப்ஸி ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். கட்டாயம் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.