உடலுக்குள் வைக்கும் சாரக்கட்டும் வளர்ச்சிக் காரணியும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அண்ணா, வளர்ச்சிக் காரணியை நேரே ஊசியால் ஏற்றினால் என்ன? சாரக்கட்டு எதற்கு?

ஏற்றலாம் தங்கச்சி, தங்காது. வளர்ச்சிக் காரணி என்பது கலங்களை வளரத் தூண்டும் புரதம். இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் விஈஜிஎஃப் போன்ற புரதம் இரத்தத்தில் ஒரு மணித்தியாலம்கூட நிலைக்காது. எலும்பு வளர வாரக்கணக்கு வேண்டும். கொலாஜன், அல்ஜினேட், உடலுக்குள் மெல்லச் சிதையும் பிளாஸ்டிக்கான பிஎல்ஜிஏ போன்றவற்றால் செய்த சாரக்கட்டு, கலங்கள் பற்றிப் படர இடம் கொடுக்கும். புரதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பல்கலைக்கழக மாணவர்: எங்கள் பிஎல்ஜிஏ நுண்மணிகளில் முதல் நாளே பாதிப் புரதம் வெளியே வந்துவிடுகிறது.

மேற்பரப்பில் ஒட்டியிருப்பதுதான் அப்படி ஓடும். கழுவிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். காரணி ஹெப்பரினோடு (இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி) சேரும் வகை என்றால், சாரக்கட்டில் ஹெப்பரினைப் பிணையுங்கள். அது பிடித்து வைக்கும். அதைவிட எனக்குக் கவலை வேறு. பிஎல்ஜிஏ சிதையும்போது உள்ளே அமிலம் சேர்ந்து புரதத்தைக் கெடுக்கும். கெட்ட புரதத்தையும், புரதத்தின் அளவைக் காணும் எலைசா சோதனை எண்ணிக் காட்டிவிடும். கலங்களில் போட்டு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் போட்ட, புரதம் வெளிவரும் வரைபடத்தை நான் நம்பமாட்டேன். புரதம் ஏற்றிய பிறகு ஓட்டோகிளேவில் (சூடான நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்துவிடாதீர்கள் தம்பி!

கொட்டாஞ்சேனை: அப்போ அளவைக் கூட்டினால் சரிதானே?

அந்த வழியில் போய்த்தான் சிக்கல் வந்தது. முள்ளந்தண்டு எலும்புகளை இணைக்க, எலும்பை வளர்க்கும் காரணியான பிஎம்பி-2 தோய்த்த கொலாஜன் பஞ்சை 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ அனுமதித்தது. செறிவு மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம். உடல் தானாகச் சுரப்பதோடு ஒப்பிட்டால் மிக மிக அதிகம். அனுமதி இடுப்புப் பகுதிக்கு. சிலர் கழுத்திலும் வைத்தார்கள். வீங்கி மூச்சுக்குழாய் நெருக்கப்பட்டதால் 2008இல் எஃப்டிஏ எச்சரித்தது. புரதத்தைவிட, அதைப் பிடித்து வைக்கத் தெரியாத பஞ்சைத்தான் நான் குறை சொல்வேன்.

மருதானை: அந்தக் கொலாஜன் மாட்டிலிருந்தா?

ஆம், மாட்டுத் தசைநாரிலிருந்து. அல்ஜினேட் கடற்பாசியில், சிட்டோசன் பெரும்பாலும் இறால் கோதில் கிடைக்கும். எதிலிருந்து எடுத்தது என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள்.

வத்தளை: அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். இது உதவுமா?

பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி கலந்த ஜெல் ஒன்றை நீரிழிவுக் கால்புண்ணுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் காலுக்கு இரத்தம் போகாவிட்டால், செத்த தசையை அகற்றாவிட்டால், அந்தப் பாதத்தில் பாரம் விழுவதை நிறுத்தாவிட்டால் எந்த ஜெல்லும் வீண். இரத்த ஓட்டத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புண் கறுத்தாலோ மணத்தாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.