லாம்ப்டா 1.05 சொல்வது என்ன? ஸ்டேஜ் 2 கோல்ஃபும் புகைச் சோதனையும்

கேள்வி: ரெயூனியன் தீவின் சேந்த்-ஆந்த்ரேயில் வசிக்கிறேன். என்னிடம் 2006ஆம் ஆண்டு கோல்ஃப் 5 ஜிடிஐ இருக்கிறது. வாங்கும்போதே ஸ்டேஜ் 2 ரீமேப் (கூடுதல் சக்திக்காக எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்திருந்தார்கள். 200 செல் ஸ்போர்ட் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) உள்ள டவுன்பைப்பை, அதாவது டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாயை மாட்டி, பின் ஆக்ஸிஜன் சென்சாரை மென்பொருளிலேயே நிறுத்திவிட்டார்கள். சென்ற வாரம் கோந்த்ரோல் தெக்னிக்கில் (பிரெஞ்சுக் கட்டாய வாகனச் சோதனை) வண்டி தேறவில்லை. உயர் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.34%, லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; சரியான கலவைக்கு 1, காற்று மிகுந்தால் அதற்கு மேல்) 1.05 என்று சீட்டில் உள்ளது. நண்பர் ஒருவர், "என் பழைய கேட்டலிஸ்டைத் தருகிறேன், சோதனை முடிந்ததும் கழற்றிக் கொடு" என்கிறார். எஞ்சினை இப்படியே வைத்துக்கொண்டு சட்டப்படி ஓட்ட வழி உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். ரீமேப்பை இப்படியே வைத்துக்கொண்டு ஓட்ட நடைமுறையில் வழி இல்லை. ஆனால் இரும்புச் சாமான்களில் பலவற்றை வைத்துக்கொள்ளலாம். நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள். புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை அகற்றுவது, அதன் திறனைக் குறைப்பது, பழுதை மறைப்பது மூன்றுக்கும் பிரெஞ்சு சாலைச் சட்டத்தின் எல்318-3 பிரிவில் 7,500 யூரோ அபராதம். செய்தவர் மட்டுமல்ல, செய்யச் சொன்னவரும் மாட்டுவார். சரிசெய்யும்வரை வண்டியை நிறுத்திவைக்கவும் முடியும். பின் சென்சாரை மென்பொருளில் அணைப்பது "பழுதை மறைப்பது" என்பதில் நேராகவே வந்து விழுகிறது. சோதனையன்று மட்டும் நல்ல கேட்டலிஸ்ட் மாட்டுபவர் மறுநாளே பழைய குற்றத்துக்குத் திரும்புகிறார்.

இனி உங்கள் சீட்டைப் பார்ப்போம். 2002 ஜூலைக்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3%க்கும், 2,000 சுற்றுக்கு மேல் வைத்து அளக்கும் உயர் ஐடிலில் 0.2%க்கும் மிகக்கூடாது. லாம்ப்டா 0.97 முதல் 1.03 வரை இருக்கலாம். உங்கள் வண்டியில் இரண்டுமே எல்லையைத் தாண்டிவிட்டன. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்து நேராகக் கேட்டலிஸ்ட் வாங்கப் போய்விடாதீர்கள்.

லாம்ப்டாவை இயந்திரம் நேரடியாக அளப்பதில்லை. புகைக்குழாய் வாலில் வரும் நான்கு வாயுக்களை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் கேட்டலிஸ்ட் நல்லதா கெட்டதா என்பது வராது. கேட்டலிஸ்ட் வாயுக்களைத் தமக்குள் மாற்றுகிறதே தவிர, மொத்த ஆக்ஸிஜனைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே 1.05 வந்ததென்றால் வெளிக்காற்று எங்கோ உள்ளே புகுந்திருக்கிறது. உதாரணமாக, கார்பன் டை ஆக்சைடு 14.2%, ஆக்ஸிஜன் 1.2%, மோனாக்சைடு 0.34% என்று வைத்தால் லாம்ப்டா ஏறக்குறைய 1.05 ஆகிறது. சீட்டில் ஆக்ஸிஜன் அளவு அச்சாகாவிட்டால் சோதகரிடம் திரையைக் காட்டச் சொல்லுங்கள். மூடிய வளையத்தில், அதாவது முன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே ஓடும் நல்ல எஞ்சினில் அது 0.3%ஐத் தாண்டக்கூடாது.

காற்று எங்கே புகுகிறது? முன் சென்சாருக்கு முன்னால், மேனிஃபோல்டிலோ டர்போ கேஸ்கட்டிலோ புகுந்தால், சென்சார் அந்தக் காற்றையும் பார்த்துவிடும். கலவை மெலிந்துவிட்டது என்று எண்ணி எஞ்சின் கணினியான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், மொத்தத்தில் லாம்ப்டா மறுபடி 1க்கே வந்து நிற்கும். உங்களுக்கு 1.05 நிற்பதால் ஓட்டை முன் சென்சாருக்குப் பின்னால். அதிலும் சென்சாருக்கும் கேட்டலிஸ்டுக்கும் நடுவில் இருந்தால், புகுந்த ஆக்ஸிஜனை வைத்தே சூடான கேட்டலிஸ்ட் மோனாக்சைடை எரித்துத் தள்ளியிருக்கும். மோனாக்சைடும் எரியவில்லை, ஆக்ஸிஜனும் செலவாகவில்லை என்றால் இரண்டு பழுதுகள்: கேட்டலிஸ்டுக்குப் பின்னால் ஒரு கசிவு, அதோடு செத்த அல்லது ஆறிப்போன கேட்டலிஸ்ட். ஃபோக்ஸ்வேகன் கார்களின் பழுதைப் படிக்கும் ரீடர் இருந்தால் 32ஆம் குழுவில் எரிபொருள் திருத்த எண்களைப் பாருங்கள். இரண்டும் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேற்சொன்னது உறுதி. 10ஐத் தாண்டி நின்றால் இன்லெட் பக்கமும் தேட வேண்டும். இந்த எஞ்சினில் பிசிவி வால்வின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்லெட்டுக்கே திருப்பிவிடுவது) ரப்பர் கிழிவது வழக்கமான நோய்.

கசிவைத் தேட லிஃப்ட்டும் புகை இயந்திரமும் வேண்டும் என்பதில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வேக்யூம் கிளீனரின் ஊதும் வாயைத் துணி சுற்றிச் சைலன்சர் வாலில் செருகுங்கள், மற்ற வாலை அடைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே டவுன்பைப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கோல்ஃப் 5இல் டவுன்பைப்பும் பின்குழாயும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் உள்ள ஸ்லீவ் கிளாம்ப் இருக்கும். வேறு கம்பெனி டவுன்பைப்பின் விட்டம் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் அங்கே நுரை பொங்கும். கரிய புகைக்கோடு படிந்திருந்தால் இன்னும் தெளிவு. வண்டிக்கு அடியில் இருக்கும்போதே பின்னல் கம்பி போட்ட ஃபிளெக்ஸ் குழாயையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடற்கரைச் சாலையிலேயே வாழும் தீவு வண்டிகளுக்கு வெல்டு ஓரங்களில் உப்பு அரித்துவிடுகிறது. மேலே பார்த்தால் முழுதாகத் தெரியும், உள்ளே ஊசித்துளை இருக்கும். புது ஸ்லீவும் எக்ஸாஸ்ட் பேஸ்டும் போட்டாலே லாம்ப்டா 1.01க்கு இறங்கும் வாய்ப்பு அதிகம். சென்சாரை இந்த வேலையில் கழற்றினால், மரையில் உரிய கிரீஸ் தடவி 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள்.

அடுத்தது கேட்டலிஸ்ட். அசலில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 துளை இருக்கும், உங்களுடையதில் 200. சூடாக இருந்தால் 200 செல்லும் தேறக்கூடும். ஆனால் உலோகத் தட்டு சீக்கிரம் ஆறும். 250 முதல் 300 பாகைக்குக் கீழே போய்விட்டால் அது வெறும் குழாய்தான். சோதனைக்கூட வாசலில் பத்து நிமிடம் அணைத்து நிறுத்தியிருந்தாலும் இதே சீட்டு வரும். புகைக்குழாயில் வெடிச்சத்தம் போடும் "பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" உங்கள் ரீமேப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேட்டலிஸ்டைக் கொன்றது அதுவாகவே இருக்கும். காலை எடுத்த பிறகும் பெட்ரோலை விட்டு வெடிக்க வைக்கும் அந்த விளையாட்டு, எரியாத பெட்ரோலைக் கேட்டலிஸ்டின் உள்ளேயே எரிய விடுகிறது. தட்டு உருகிச் சுருங்கும். இளைஞர்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கிறது, புரிகிறது. ஆனால் ரீமேப்பிலேயே மிக முட்டாள்தனமான அம்சம் அதுதான். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் முன்னும் பின்னும் சூடு பார்த்துத் தீர்ப்பு சொல்லும் பழக்கத்தை நம்பாதீர்கள். இப்போதைய எஞ்சின்கள் விடும் மோனாக்சைடு குறைவு, அதனால் சூட்டு வேறுபாடும் குறைவு.

மாற்றுவதானால் யூஎன் 103ஆம் விதிப்படி அங்கீகாரம் பெற்ற கேட்டலிஸ்ட்தான் வாங்க வேண்டும். உடலில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் நாட்டு எண்ணும், அருகே 103 என்று தொடங்கும் அங்கீகார எண்ணும் குத்தியிருக்கும். ஒட்டிய ஸ்டிக்கர் பத்தாது, எண் உலோகத்தில் இருக்க வேண்டும். சைலன்சர் பகுதிக்கு 59ஆம் விதி. ஜெர்மன் டூவ் சான்றிதழைக் காட்டி "இது போதும்" என்பார்கள். அது ஜெர்மனியில் போதும், இங்கே அது மட்டும் போதாது. பழைய சாமான் சந்தையில் அசல் ஃபோக்ஸ்வேகன் கேட்டலிஸ்ட் கிடைத்தால், பாக எண் உங்கள் எஞ்சினுக்குரியதா என்று பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். பிரான்ஸ் பெருநிலத்திலிருந்து வரவழைத்தால் ஓக்த்ருவா தெ மேர் என்ற தீவு இறக்குமதித் தீர்வையும் 8.5% வாட் வரியும் சேரும், கப்பலில் வாரக்கணக்கில் ஆகும். மறுசோதனைக்கான இரண்டு மாத அவகாசத்தில் முதல் வாரமே ஆர்டர் போட்டால்தான் சரிவரும்.

இப்போது ரீமேப். ஆர்321-16 விதிப்படி, பெரிய மாற்றம் செய்த வண்டிக்குப் புதிய அங்கீகாரம் வேண்டும். தீவில் அந்த விண்ணப்பம் தேயால் (அரசின் சுற்றுச்சூழல், வீட்டுவசதித் துறை) அலுவலகத்துக்குப் போகும். கார்த் கிரீஸில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) பி.2 என்ற கட்டத்தில் எஞ்சின் சக்தி கிலோவாட்டில் இருக்கும்; அசல் ஜிடிஐக்கு அது 147. ஸ்டேஜ் 2க்குப் பிறகு அந்த எண் பொய்யாகிறது. மாற்றத்தை ஏற்க வண்டி தயாரித்தவரின் ஒப்புதலோ, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையோ கேட்பார்கள். பிறர் எழுதிய மென்பொருளுக்கு ஃபோக்ஸ்வேகன் ஒப்புதல் தராது. ஆய்வகம் என்றால் பாரிஸுக்குத் தெற்கே மோன்லெரியில் உள்ள உத்தாக். வண்டியையே கப்பலேற்றி அனுப்பிச் சோதிக்கும் செலவில் இன்னொரு வண்டி வாங்கிவிடலாம். புதிய அங்கீகாரம் இல்லாமல் ஓட்டினால் நான்காம் வகுப்புக் குற்றம், பொதுவாக 135 யூரோ. அதைவிடக் கனமானது காப்பீடு. வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று நிரூபித்தால் ஒப்பந்தமே செல்லாது, விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கான தொகை உங்கள் தலையில் விழும்.

ஆகவே அசல் மென்பொருளை ஈசியூவில் திரும்ப ஏற்றுங்கள். ரீமேப் செய்தவர் முதலில் படித்தெடுத்த கோப்பை வைத்திருந்தால் அதையே எழுதலாம். இல்லையெனில் ஈசியூவின் பாக எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். பின் சென்சாரை அதன் இடத்தில், இடையில் எந்தக் கூட்டுக்குழாயும் இல்லாமல் மாட்டுங்கள். ஸ்பேசர் எனப்படும் அந்தக் கூட்டுக்குழாயைப் போட்டு ஏமாற்றுவதும் அதே எல்318-3தான். அசல் மேப்பில் அசல் பெட்டிக்குள் வைக்கும் துணிக் காற்று ஃபில்டர், 59ஆம் விதி முத்திரையுள்ள பின்சைலன்சர், காற்றை உள்ளேயே திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு ஆகியவை நிற்கலாம். சைலன்சர் மாற்றினால் கார்த் கிரீஸின் யூ.1 கட்டத்தைப் பாருங்கள். நின்ற நிலையில் உங்கள் வண்டி போடலாம் என்ற சத்தத்தின் அளவு அங்கே டெசிபெலில் உண்டு, எத்தனை சுற்றில் அளக்க வேண்டும் என்பது யூ.2இல். முத்திரை இருந்தும் உள்நார் எரிந்து சத்தம் ஏறியிருந்தால் சோதனையில் அதுவும் பெரிய குறையாகப் பதிவாகலாம்.

ஈசியூவில் பதிந்த பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போகும் தந்திரம் வேண்டாம். அழித்ததும் கேட்டலிஸ்ட், சென்சார் கண்காணிப்புகள் எல்லாம் "முடியவில்லை" என்று திரும்பும், பழுதிருந்தால் ஓரிரு ஓட்டத்தில் பி0420 (கேட்டலிஸ்ட் திறன் குறைந்ததைச் சொல்லும் குறியீடு) மறுபடி வந்து விளக்கு எரியும். மீட்டரில் அந்த எஞ்சின் விளக்கு எரிந்தால் தேறாது. அழித்த பின் குளிர்ந்த நிலையில் எழுப்பி, சில நிமிடம் ஊருக்குள் ஓட்டி, பிறகு சேன்-பெனுவாவுக்கும் சேன்-தெனிக்கும் இடையிலான நான்கு வழிச் சாலையில் 80 முதல் 100 வேகத்தில் பதினைந்து நிமிடம் ஒரே சீராகப் போங்கள். இடையிடையே கியரிலேயே காலை எடுத்து வேகத்தை விடுங்கள். இரண்டு மூன்று நாளில் கண்காணிப்புகள் பச்சைக்கு வரும். ஐம்பது யூரோ ரீடரில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுசோதனைக்குப் போகும் நாளில் ஆயில் பழையது என்றால் முன்னமே மாற்றுங்கள். குறுகிய ஓட்டத்தில் பெட்ரோல் கலந்த ஆயில், பிசிவி வழியாக மோனாக்சைடைக் கூட்டும். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு 4.6 லிட்டர், ஃபோக்ஸ்வேகன் 502 அல்லது 504 தரம். பிளக் காலம் கடந்தது என்றால் அதையும். சோதனைக்கூடத்துக்கு வரும் வழி முக்கியம். சமவெளியில், மூன்றாம் கியரில், எஞ்சினுக்குச் சுமை இருக்கும்படி பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். பிளேன்-தே-காஃப்ரிலிருந்து சேன்-பியேருக்கு இறங்கிவரும் வாசகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: இறக்கத்தில் காலை எடுத்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், குளிர்ந்த காற்றே கேட்டலிஸ்ட் வழியாகப் போகும். அடிவாரம் வந்ததும் நேராக உள்ளே நுழையாதீர்கள், தட்டையான சாலையில் சுற்றிவிட்டுப் போங்கள். வாசலில் எஞ்சினை அணைக்க வேண்டாம். அளக்கும் முன் 2,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடாக்கும்படி சோதகரிடம் கேளுங்கள், ஆயில் 80 பாகை தாண்டியிருக்க வேண்டும். அது சலுகை அல்ல, முறையான சோதனைக்கு உரிய தயாரிப்பு.

மறுசோதனை என்பது சீட்டில் பெரிய குறையாகக் குறித்தவற்றை மட்டும் பார்ப்பது. இரண்டு மாதத்துக்குள் போனால் அதே கூடம் என்ற கட்டாயமில்லை. தவறினால் முழுச் சோதனை, முழுக் கட்டணம். கேட்டலிஸ்டின் ரசீதையும், அங்கீகார எண் தெரியும்படி எடுத்த படத்தையும், ஈசியூவை அசலுக்கு மாற்றிய பணிச்சீட்டையும் காரிலேயே வைத்திருங்கள். சாலையில் காவலர் நிறுத்திக் கேட்டாலும் அவற்றையே காட்டலாம்.

டீசல் வண்டியில் புகைத்துகள் ஃபில்டரைக் குடைந்து எடுத்தவர்களிடமிருந்தும் கேள்விகள் வருகின்றன. அவர்களுக்குச் சுருக்கமாக: தயாரிப்பாளர் மாட்டிய கருவி இல்லாவிட்டாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, புகையின் கருமை எல்லைக்குள் வந்தாலும் அதுவே பெரிய குறை. கூட்டுக்குள் ஒன்றுமில்லாத ஃபில்டரை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் சிலர் ஓட்டுகிறார்கள். எல்318-3 சோதனைக்கூடத்து வாசலோடு நின்றுவிடும் சட்டம் அல்ல.